ஹடிலா, நோ-ஹடிலா: எந்த அணிக்கு எது பொருந்தும்?

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பள்ளி அணியின் கோச் கோடை விடுமுறையிலேயே எடுத்துவிட வேண்டிய முடிவு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளேக்கு (ஒரு முயற்சிக்கு) முன்னும் பதினோரு பேரும் வட்டமாகக் கூடிப் பேசிவிட்டு வருவார்களா (இதுதான் ஹடில்), அல்லது கூடாமல் நேராகப் போய் வரிசையில் நிற்பார்களா (நோ-ஹடில்)? கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பயிற்சியை எப்படி நடத்துவது, பிளேக்கு எப்படிப் பெயர் வைப்பது, எத்தனை மாற்று வீரர்கள் வேண்டும், எதிரணியைத் தடுக்கும் தன்னுடைய டிஃபென்ஸ் எவ்வளவு நேரம் மைதானத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே அமைகின்றன. பருவத்தின் நடுவில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கஷ்டம்.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணி, அதாவது அஃபென்ஸ், நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் அது ஃபர்ஸ்ட் டவுன், மறுபடி நான்கு முயற்சிகள். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவது ஸ்னாப். அதிலிருந்துதான் ஒவ்வொரு பிளேயும் தொடங்கும். ஒரு பிளே முடிந்ததும் 40 வினாடி கடிகாரம் ஓடத் தொடங்கும். அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் அடுத்த ஸ்னாப் நடந்தாக வேண்டும். அந்த 40 வினாடியை என்ன செய்வது என்பதுதான் நம் கேள்வி.

வட்டமாகக் கூடும் பழக்கம் 1890-களில் வாஷிங்டனில் இருக்கும் காலடெட் கல்லூரியில் பிறந்தது என்று சொல்வார்கள். அது காது கேளாதோருக்கான கல்லூரி. அதன் குவார்ட்டர்பேக் (ஸ்னாப்பை வாங்கி அஃபென்ஸை நடத்துபவர்) பால் ஹப்பர்ட் அடுத்த பிளேயைச் சைகையில் சொல்வார். எதிரில் நிற்பதும் சைகை மொழி தெரிந்த அணி என்றால் ரகசியம் அங்கேயே போய்விடும். அதனால் வீரர்களைச் சுற்றிலும் நிறுத்தி, நடுவில் கையை மறைத்துச் சொன்னார். ஹடில் வேண்டாம் என்று இன்று முடிவெடுக்கும் கோச்சுக்கு ஹப்பர்டின் சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது. எல்லாரும் பார்க்கும் இடத்தில், எதிரணிக்குப் புரியாமல், பதினோரு பேருக்கும் ஒரே நேரத்தில் பிளேயைச் சொல்ல வழி கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் பலரும் நோ-ஹடில் என்றாலே வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டால் ஒப்பீடே தப்பாகிவிடும். கூடாமல் வரிசையில் நின்றுவிட்டு, 35 வினாடி காத்திருந்து ஸ்னாப் எடுக்கும் அணிகளும் உண்டு. ஆகவே கோச்சின் முன் இருக்கும் வழிகள் நான்கு: எப்போதும் ஹடில், முழுவேக நோ-ஹடில், நிதான நோ-ஹடில், வேகத்தை மாற்றி மாற்றி ஆடும் கலவை. நான்குக்கும் வெவ்வேறு விலை.

முதலில் முழுவேகம், ஏனென்றால் எல்லாரையும் மயக்குவது அதுதான்.

ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் அவசரமாக ஆடுவது பழைய வழக்கம். 1958 டிசம்பர் 28 அன்று நடந்த தொழில்முறை லீகின் (என்எஃப்எல்) இறுதி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் ஜானி யுனைட்டஸ் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியைக் கடைசி நேரத்தில் அப்படி ஓட்டிப்போய்ச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸை 23-17 என்று வென்றார். அதையே ஆட்டம் முழுக்கச் செய்தால் என்ன என்று யோசித்தவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் கோச் சாம் வைச். 1988 பருவத்தில் பூமர் எசையாசனை குவார்ட்டர்பேக்காக வைத்து அவர் இதை நடத்திக் காட்டினார். எசையாசன் அந்த ஆண்டு லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். எதிரணிகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பருவ முடிவில் நடக்கும் நாக் அவுட் சுற்றான பிளே ஆஃபில் சியாட்டில் அணி ஆடியபோது, அவர்கள் பக்கம் ஆட்கள் அடிபட்டதாக விழுந்து ஆட்டத்தை நிறுத்தியது பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆட்டம் பஃபலோ பில்ஸுடன். பஃபலோ தரப்பு இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தது. ஆட்டம் தொடங்கச் சற்று முன், நோ-ஹடில் ஆடினால் பெனால்டி விழும் என்று லீக் நிர்வாகம் வைச்சுக்குத் தகவல் அனுப்பியது. பெங்கால்ஸ் அப்படியும் 21-10 என்று வென்று லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குப் போனது.

அதே பஃபலோ, இரண்டே ஆண்டில், இந்த முறையின் மிகப் பெரிய அணியாக மாறியது. 1990 ஜனவரியில் கிளீவ்லாந்திடம் 34-30 என்று தோற்ற பிளே ஆஃப் ஆட்டத்தில், பின்தங்கியிருந்ததால் அவசரமாக ஆடிய குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி 405 யார்டு வீசியிருந்தார். தோற்றதும் கோச் மார்வ் லெவியும் அஃபென்ஸ் திட்டங்களுக்குப் பொறுப்பான துணைக் கோச், அதாவது கோஆர்டினேட்டர், டெட் மார்ச்சிப்ரோடாவும் இதைக் கவனித்தார்கள். அடுத்த பருவத்தில் கே-கன் என்று பெயர் பெற்ற நோ-ஹடில் வந்தது. பெரும்பாலான பிளேக்களைக் கெல்லியே மைதானத்தில் நின்று சொன்னார். 428 புள்ளிகள் எடுத்து லீகிலேயே முதலிடம். 1991 ஜனவரி 20 அன்று ரெய்டர்ஸை 51-3 என்று நொறுக்கினார்கள்.

இது ஏன் வேலை செய்கிறது? மூச்சிரைப்பு ஒரு காரணம்; முன்வரிசையில் மோதும் 140 கிலோ எடையுள்ள லைன்மேன் நாலைந்து பிளே தொடர்ந்து ஓடினால் கால் தளர்ந்துவிடும். ஆனால் அதைவிட முக்கியமானது ஆள் மாற்றும் விதி. தொழில்முறையிலும் கல்லூரியிலும் அஃபென்ஸ் ஆளை மாற்றினால், டிஃபென்ஸும் பதிலுக்கு மாற்றிக்கொள்ள நடுவர்கள் நேரம் தர வேண்டும். அஃபென்ஸ் யாரையும் மாற்றாவிட்டால் அந்த நேரம் கிடையாது. அதாவது பந்தோடு ஓடும் பிளேயைத் தடுக்கவென்று இறக்கிய கனமான ஆட்கள் மைதானத்தில் இருக்கும்போதே அஃபென்ஸ் பாஸ் வீசத் தொடங்கலாம். அவர்களை வெளியே எடுக்க வழியில்லை. ஜடேஜா ஓவரை மளமளவென்று முடிக்கும்போது பேட்ஸ்மேனுக்கு ஃபீல்டை ஒருமுறை சுற்றிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காமல் போகிறதே, அந்த நெருக்கடிதான் இங்கே பதினோரு பேருக்கும்.

நேரமில்லாததால் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டரும் சிக்கலான திட்டம் எதையும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று எளிய அமைப்புகளுக்குள் அடங்கிவிடுவார். எதிரே என்ன வரும் என்று குவார்ட்டர்பேக்கிற்குத் தெளிவாகத் தெரிந்துவிடும். அனுபவம் குறைந்த குவார்ட்டர்பேக் இருக்கும் அணிக்கு வேகம் உதவும் என்று சிலர் சொல்வதன் அடிப்படை இதுதான். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

பயிற்சியிலும் பெரிய லாபம். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் சிப் கெல்லி 2009 முதல் 2012 வரை தலைமைக் கோச்சாக இருந்து 46 வெற்றி, 7 தோல்வி என்று முடித்தார். அவருடைய பயிற்சியில் நின்று விளக்கும் வழக்கமே குறைவு. ஒரு பிளே முடிந்ததும் அடுத்தது. தப்பைத் திருத்துவது பிறகு வீடியோ அறையில். இதனால் ஒரே இரண்டு மணி நேரத்தில் மற்ற அணிகளைவிட அதிக பிளேக்களை அவர்கள் ஓடிப் பார்த்தார்கள். பெஞ்சில் இருக்கும் இரண்டாம் வரிசைப் பையன்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. பிளேயைச் சொல்ல, நான்கு கட்டங்களில் சம்பந்தமில்லாத படங்கள் ஒட்டிய பெரிய பலகைகளை ஓரத்தில் தூக்கிப் பிடித்தார்கள். எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்பது அவர்களுக்கு மட்டும் தெரியும்.

சரி, விலைக்கு வருவோம்.

வேகமாக ஆடும் அணி தோற்கும்போதும் வேகமாகவே தோற்கிறது. பிடிக்கப்படாத பாஸில் ஆட்டக் கடிகாரம் நின்றுவிடும். மூன்று பாஸ்கள் வரிசையாகத் தவறினால் அரை நிமிடம்கூடப் போகாமல் பந்து எதிரணிக்குப் போய்விடும். இப்போதுதான் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்த சொந்த டிஃபென்ஸ் மறுபடி எழுந்து போக வேண்டும். இது இரண்டு மூன்று முறை நடந்தால் நாலாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில்) அதன் பலன் தெரியும்.

சிப் கெல்லி தொழில்முறைக்குப் போய் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை எடுத்துக்கொண்ட கதை இதற்கு நல்ல பாடம். 2013-இல் முதல் ஆட்டத்திலேயே வாஷிங்டனை 33-7 வரை கொண்டுபோனார்கள். முடிவில் ஸ்கோர் 33-27. அந்தப் பருவம் அருமையாகவே போனது: 10 வெற்றி, 6 தோல்வி, பிரிவில் முதலிடம், லெஷான் மெக்காய் 1,607 யார்டு ஓடி லீகில் முதலாவது, நிக் ஃபோல்ஸ் 27 டச்டவுன் பாஸுக்கு (எல்லைக்குள் பிடித்துப் புள்ளி எடுத்தவை) வெறும் இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்டவை). ஆனால் பந்தை வைத்திருந்த நேரத்தில் லீகிலேயே கடைசி இடம். அஃபென்ஸ் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை. அது தடுமாறத் தொடங்கியதும் டிஃபென்ஸின் சுமை கண்ணுக்குத் தெரிந்தது. 2015-இல் கடைசி ஆட்டத்துக்கு முன்பே அவரை நீக்கிவிட்டார்கள். வேறு காரணங்களும் இருந்தன, எல்லாவற்றையும் வேகத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் தன் டிஃபென்ஸ் தாங்குமா என்று கேட்காமல் வேகத்தை நிறுவுபவர்கள் இந்த மூன்று பருவங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கோ இந்த ஒப்பீட்டில் இதுதான் மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. பந்து இரண்டு அணிகளுக்கும் மாறி மாறித்தான் போகிறது. நீங்கள் வேகமாக ஆடினால் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்புகள் கூடும், ஆனால் எதிரணிக்கும் ஏறக்குறைய அதே அளவு கூடும். வாய்ப்புகள் கூடக் கூட யார் உண்மையில் பலமான அணியோ அவர்கள் பக்கம் முடிவு சாயும். குறையக் குறைய ஒரு தடுமாற்றம், ஒரு அதிர்ஷ்டமான துள்ளல், ஒரு தவறிய ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் முயற்சி) முடிவைத் திருப்பிவிடலாம். அப்படியென்றால் பலம் குறைந்த அணி வேகமாக ஆடுவது தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வது. எதிரணிக்குப் பழக்கமில்லாத வேகத்தால் அவர்களைக் குழப்ப முடியும் என்ற ஒரே எதிர்பார்ப்பில்தான் அப்படி ஆடலாம். அந்தக் குழப்பமும் எதிரணி தயாராகும்வரைதான்.

இதற்குச் சாட்சி சூப்பர் பவுல் 25. 1991 ஜனவரி 27. ரெய்டர்ஸை 51-3 என்று அடித்த பஃபலோவுக்கு எதிரே ஜயன்ட்ஸ். முதல் குவார்ட்டர்பேக் காயத்தால் இல்லை. மாற்று ஆளான ஜெஃப் ஹாஸ்டெட்லர் ஆடினார். கோச் பில் பார்செல்ஸ் ஹடில் போட்டு, கடிகாரத்தைக் கரைத்து, ஓடி ஓடியே ஆட வைத்தார். மூன்றாவது குவார்ட்டரில் ஒரே ஒரு டிரைவ், அதாவது பந்தை விடாமல் முன்னேறிய தொடர், 9 நிமிடம் 29 வினாடி நீடித்தது. மொத்தத்தில் ஜயன்ட்ஸ் பந்தை வைத்திருந்தது 40 நிமிடம் 33 வினாடி. பஃபலோவுக்குக் கிடைத்தது 19 நிமிடம் 27 வினாடிதான். டிஃபென்ஸ் பக்கம் கோஆர்டினேட்டராக இருந்த பில் பெலிசிக், முன்னே ஆட்களைக் குறைத்து, பாஸ் பிடிப்பவர்களைச் சூழ ஆட்களை நிறுத்தினார். பஃபலோவின் ஓட்டக்காரர் தர்மன் தாமஸ் 135 யார்டு ஓடினார், ஓடட்டும் என்றே விட்டார்கள். பஃபலோ மோசமாக ஆடியது என்று யாரும் சொல்ல முடியாது. கையில் பந்து இருந்த நேரத்தில் நன்றாகவே நகர்ந்தார்கள். பந்து கையில் இல்லை, அவ்வளவுதான். கடைசியில் பஃபலோவின் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து வலப்பக்கம் விலகிப்போக, ஜயன்ட்ஸுக்கு 20-19 என்று வெற்றி.

ஆரிகனுக்கும் இதே மருந்தை ஸ்டான்ஃபர்ட் கொடுத்தது. 2013 நவம்பரில் டேவிட் ஷாவின் அணி 42 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. டைலர் காஃப்னி என்ற ஓட்டக்காரருக்கு 45 முறை பந்தைக் கொடுத்தார்கள். 26-0 வரை போன பிறகுதான் ஆரிகன் விழித்துக்கொண்டது, முடிவு 26-20.

ஆக, ஹடில் போடுவது பழமைவாதிகளின் சோம்பல் என்று பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நல்ல லைனும் ஓட்டக்காரரும் இருக்கும் அணிக்கு, குறிப்பாக எதிரணியில் அபாயகரமான குவார்ட்டர்பேக் இருக்கும்போது, 40 வினாடியையும் செலவழிப்பது ஒரு தாக்குதல் முறைதான். ஆள் மாற்றவும் வசதி: ஒவ்வொரு பிளேக்கும் வெவ்வேறு ஆட்களை அனுப்பலாம், அரிதான அமைப்புகளைக் காட்டலாம், நீளமான பிளேயை ஒருமுறை வாயால் சொன்னால் போதும். பதினைந்து வயதுப் பையன்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஹடிலில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கிறார்கள். பந்தை நழுவவிட்டவனின் தோளை ஒருவன் தட்டுகிறான். இதைக் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் பள்ளி அணியில் இது சின்ன விஷயமில்லை என்றே நினைக்கிறேன். குறை என்னவென்றால், எதிரணிக்கும் அதே ஓய்வு, அதே ஆள் மாற்றம், அதே யோசிக்கும் நேரம். அப்புறம் எப்போதும் ஹடிலிலேயே பழகிய அணி, இரண்டு நிமிடத்தில் 70 யார்டு போக வேண்டிய நிலை வரும்போது தடுமாறும்.

மூன்றாவது வழியான நிதான நோ-ஹடிலைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங். இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸில் கோஆர்டினேட்டர் டாம் மூருடன் சேர்ந்து அவர் வளர்த்த முறையில் அவசரமே கிடையாது. சீக்கிரமாக வரிசையில் நிற்பார்கள். டிஃபென்ஸ் ஆள் மாற்றப் பயப்படும், ஏனென்றால் எந்த நொடியும் ஸ்னாப் வரலாம். மேனிங் நிதானமாகப் பார்ப்பார், கையைக் காட்டுவார், கத்துவார், பிளேயை மாற்றுவார், சில சமயம் மறுபடி மாற்றுவார். ஸ்னாப் வருவதுபோல் குரல் கொடுத்து, டிஃபென்ஸ் தன் திட்டத்தை வெளிக்காட்ட வைப்பார். ஆள் மாற்றத்தைத் தடுக்கும் லாபமும் இருக்கிறது, கடிகாரமும் கரைகிறது. டென்வருக்குப் போன பிறகு 2013-இல் இதன் உச்சத்தைப் பார்த்தோம்: அணிக்கு 606 புள்ளிகள், அவருக்கு 5,477 யார்டு, 55 டச்டவுன் பாஸ்கள்.

ஆனால் இந்த வழி முழுக்க முழுக்க ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது. மேனிங் அளவுக்கு வீடியோ பார்த்து, எதிரணியின் பழக்கங்களை மனப்பாடம் செய்த ஒருவர் பள்ளியில் கிடைப்பாரா? கிடைக்கவே மாட்டார் என்று சொல்லலாம். அதனால் பள்ளி, கல்லூரி கோச்சுகள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள்: அணி வரிசையில் நிற்கும், குவார்ட்டர்பேக் ஸ்னாப் வருவதுபோல் காட்டுவார், உடனே பதினோரு பேரும் தலையை ஓரத்துக்குத் திருப்புவார்கள். அங்கே நிற்கும் கோச் டிஃபென்ஸைப் பார்த்துவிட்டுப் பிளேயைச் சொல்வார். யோசிக்கும் பாரம் பையன் தலையிலிருந்து பெரியவர் தலைக்கு மாறுகிறது. தொழில்முறையில் இதைச் செய்ய முடியாததற்கு ஒரு காரணம், 1994 முதல் குவார்ட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ரேடியோ, 40 வினாடி கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போதே அணைந்துவிடுவது. கோச் பேச விரும்பினால் அணி அதற்கு முன்பே வரிசையில் நின்றிருக்க வேண்டும். கல்லூரி மேல்மட்டத்திலும் 2024 முதல் ரேடியோவை அனுமதித்திருக்கிறார்கள், அதே 15 வினாடி வரம்போடு.

சத்தமும் இந்த வழிக்கு எதிரி. வரிசையில் நின்று வாயால் பேசி ஆடும் அணி, ரசிகர்கள் கத்தும் மைதானத்தில் தவிக்கும். அந்த 2013 பருவத்தின் இறுதியில், 2014 பிப்ரவரி 2 அன்று, சியாட்டிலுக்கு எதிரான சூப்பர் பவுலின் முதல் ஸ்னாப்பிலேயே இது நடந்தது. கூச்சலில் மேனிங்கின் குரல் சென்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மேனிங் முன்னே நடந்து வந்துகொண்டிருக்கும்போதே பந்து அவரைத் தாண்டிப் பறந்தது. 12 வினாடியில் எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டத்தைச் சியாட்டில் 43-8 என்று வென்றது. வெளியூர் மைதானங்களில் சத்தம் அதிகமுள்ள பிரிவில் ஆடும் அணி, நோ-ஹடிலைத் தேர்ந்தெடுத்தால் கைச்சைகையையும் ஒலியில்லாத ஸ்னாப் எண்ணிக்கையையும் (ஸ்னாப் எப்போது என்று சொல்லும் குறிப்பு) முதல் நாளிலிருந்தே பழக்க வேண்டும்.

நான்காவது வழி, வேகத்தை மாற்றுவது. இதில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சூப்பர் பவுல் 25-இல் நோ-ஹடிலை அடக்கிய அதே பெலிசிக்தான் அப்போது அங்கே தலைமைக் கோச்சாக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். நோ-ஹடிலை எப்படித் தடுப்பது என்று தெரிந்தவர், அது எப்போது வலிக்கும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தார். 2012-இல் அவர்கள் முழுப் பிளேயையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அமைப்பு, பாதுகாப்பு, ஓட்டப் பாதை, ஸ்னாப் எண்ணிக்கை எல்லாம் வீரர்களுக்குத் தெரியும். அக்டோபரில் டென்வருக்கு எதிராக 89 பிளே, 35 ஃபர்ஸ்ட் டவுன். ஒரு நல்ல ஓட்டம் கிடைத்ததும் டிஃபென்ஸ் எழுந்து நிற்பதற்குள் அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு திடீரென்று ஹடில். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் பக்கத்தில் கிரான்கவ்ஸ்கி போன்ற ஆள் இருந்ததும் உதவியது. அவரைத் தடுப்பவராகவும் பாஸ் பிடிப்பவராகவும் பயன்படுத்தலாம் என்பதால் ஆளை மாற்றாமலே பிளேயின் தன்மையை மாற்ற முடிந்தது.

இந்தக் கலவையின் மதிப்பு 2017 பிப்ரவரி 5 அன்று அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு எதிரான சூப்பர் பவுலில் தெரிந்தது. 28-3 என்று பின்தங்கியிருந்த பேட்ரியாட்ஸ் பிளேமேல் பிளேயாக ஓடி, மொத்தம் 93 பிளே ஆடினார்கள். அட்லாண்டா ஆடியது 46 மட்டும். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 34-28 என்று வென்றபோது அட்லாண்டா டிஃபென்ஸின் கால்களில் எதுவும் மிச்சமில்லை. மறுபக்கம், அவ்வளவு பெரிய முன்னிலை இருந்தும் அட்லாண்டா கடிகாரத்தைக் கரைக்கவில்லை. எதிரணியின் 22 யார்டு கோட்டுக்குப் போன பிறகும் பாஸுக்குப் போய், சாக் ஆகி (வீசுவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டு), பெனால்டியும் வாங்கி, ஃபீல்டு கோல் தூரத்தை இழந்தார்கள். தனக்குப் பழக்கமான ஒரே வேகத்தில் ஆடிக்கொண்டே போனால், சூழ்நிலை மாறும்போது கையில் வேறு கருவி இருக்காது.

இதற்கிடையில் விதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேகம் விளையாட்டின் உணர்வுக்கே எதிரானது என்ற குரல் வைச் காலத்தில் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. கல்லூரி ஆட்டத்தில் 2014-இல் 40 வினாடி கடிகாரத்தின் முதல் 10 வினாடிக்குள் ஸ்னாப் எடுக்கக் கூடாது என்று ஒரு முன்மொழிவு வந்தது. வீரர்களின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அலபாமாவின் நிக் சேபன் போன்றவர்கள் அதன் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பு பலமாக இருந்ததால் மார்ச் மாதமே கைவிட்டார்கள். அதே ஆண்டு சேபன் லேன் கிஃபினைக் கோஆர்டினேட்டராகக் கொண்டுவந்து, தன் அஃபென்ஸையே வேகப்படுத்தினார். 2023 முதல் கல்லூரி ஆட்டத்தில் ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்ததும் ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தும் பழைய வழக்கம், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர, எடுக்கப்பட்டுவிட்டது. மெதுவாக ஆடும் அணிக்கு இது கொஞ்சம் சாதகம். முன்னிலையில் இருப்பவர் இன்னும் சுலபமாக நேரத்தைக் கரைக்கலாம். பள்ளிகளின் தேசிய விதிப் புத்தகத்திலும் 2019-இல் 40 வினாடி கடிகாரம் வந்துவிட்டது. முன்பு நடுவர் பந்தை வைத்து விசில் ஊதும்வரை காத்திருக்க வேண்டும். நடுவர் மெதுவான ஆள் என்றால் வேக அணியின் திட்டம் அங்கேயே முடங்கும். இப்போது அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

இனி முடிவு. ஒரு பள்ளி கோச் என்னிடம் கேட்டால் நான் அஃபென்ஸைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். முதல் கேள்வி: உங்கள் அணியில் எத்தனை பேர் இரண்டு பக்கமும் ஆடுகிறார்கள்? சின்ன ஊர்ப் பள்ளிகளில் 25 பேர்கூடச் சேர்வதில்லை. லைன்மேனே டிஃபென்ஸிலும் நிற்பார். அங்கே முழுவேகம் என்பது சொந்தப் பையன்களை வதைப்பதுதான். எதிரணியில் அறுபது பேர் இருந்தால், அவர்கள் மாற்றி மாற்றி ஆட்களை அனுப்புவார்கள். நம் பையன் நாலாவது குவார்ட்டரில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். களைப்பில் தப்பான இடத்தில் தலையை நீட்டுவதும் அப்போதுதான். இந்த அணிக்கு ஹடில், தயங்காமல்.

ஆள்பலம் இருக்கும் பள்ளி என்றால் எப்போதும் கூடாமல் வரிசைக்குப் போகும் பழக்கத்தைக் கொண்டுவந்து, வேகத்தை மட்டும் மூன்று நிலையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: வரிசைக்குப் போனதும் ஸ்னாப், ஓரத்தைத் திரும்பிப் பார்த்துப் பிளேயை வாங்கிய பிறகு ஸ்னாப், கடிகாரத்தில் இரண்டு மூன்று வினாடி இருக்கும்போது ஸ்னாப். மூன்றுக்கும் ஒவ்வொரு நிறமோ சொல்லோ போதும். எதிரணிக்கு எது வருகிறது என்று தெரியாது. அவர்கள் எப்போதும் முதல் நிலைக்குத் தயாராகவே நிற்க வேண்டியிருக்கும். அந்தத் தயார்நிலையே அவர்களைச் சோர்வடையச் செய்யும், நாம் உண்மையில் வேகமாக ஆடாவிட்டாலும்.

முழுவேகத்தை மட்டுமே நம்புவதை, லீகிலேயே பலமான பள்ளிக்கு மட்டும் பரிந்துரைப்பேன். அவர்களுக்கு வாய்ப்புகள் கூடுவது லாபம்தான்.

நிறுவும்போது பிளேக்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆறேழு பிளேக்களை எந்த அமைப்பிலிருந்தும் தூக்கத்தில் கேட்டாலும் ஓடும் அளவுக்குப் பழக்கிய பிறகே எட்டாவதைச் சேர்க்கலாம். சைகைகளை இரண்டு பேர் காட்டட்டும், ஒருவருடையது பொய்யாக இருக்கட்டும். எது நிஜம் என்பதை ஒவ்வொரு வாரமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் எதிரணி போன வார வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வரும். முதல் கூட்டத்திலேயே டிஃபென்ஸ் கோச்சையும் உட்கார வைத்து, ஓர் ஆட்டத்தில் எத்தனை ஸ்னாப் வரை தன் ஆட்கள் தாங்குவார்கள் என்று அவர் வாயால் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தாண்டும் ஆட்டத்தில் மூன்றாவது நிலைக்கு மாறிவிட வேண்டும் என்பதை அன்றே எழுதிவையுங்கள். அந்த மெதுவான நிலையையும் வாரம் ஒருநாள் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும்: முன்னிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, கடைசி நான்கு நிமிடம், மைதானத்துக்குள்ளேயே விழுந்து, பந்தை நடுவரிடம் மெதுவாகக் கொடுத்து, கடிகாரம் 2 காட்டும்போது ஸ்னாப்.